அதன் மேல் எதையும் ஏற்றாதே

கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டால் நாமெல்லாம் என்ன செய்வோம்? மவுஸைப் பிடித்து ஆட்டுவோம். என்டரைத் தட்டுவோம். தட்டியது போதாதென்று மறுபடியும் தட்டுவோம். எங்கள் ஸ்டுடியோ முதலாளி மானிட்டரின் மண்டையிலேயே ஒன்று வைப்பார். பக்கத்து மெஷின் அக்கா மட்டும் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். திரையில் ஒரு மாப்பிள்ளை தாலி கட்டக் குனிந்த வாக்கில் உறைந்து நிற்பான். அவன் எப்போது நிமிர்கிறானோ அப்போது நிமிரட்டும் என்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“கைய எடு பிள்ளை. மடியில வை,” என்பாள் என்னிடம். “நீ பத்துத் தடவ தட்டுனா அது பத்தையும் கேட்டு வரிசையில வச்சுக்கும். ஒண்ணுக்கே மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது, பாவம்.”

கணினிக்குப் பாவம் பார்க்கிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

பழனி ரோட்டில் ஒரு பிரியாணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் கல்யாண ஸ்டுடியோ. நான் ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். போட்டோக்களை ஆல்பமாக அடுக்குவது என் வேலை. வீடியோ எடிட்டிங் அக்காவுடையது. பேகம்பூர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். பெரிய மனுஷித்தனம் எதுவும் கிடையாது. நான் கேலி பேசினால் பதிலுக்குப் பேசுவாள். என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறந்து, “என்ன வெஞ்சனம்? இன்னைக்கும் அவரக்காயா? ஒங்க தோட்டத்துல வேற செடியே மொளைக்காதா?” என்பாள். கணவர் இறந்துவிட்டதால், அவள் தனியாக இருக்க வேண்டாமென்று அண்ணன் குடும்பம் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தது.

எடிட்டிங் அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெஷின்கள், ஒரு ஏசி. அந்த ஏசியை எங்களுக்காக மாட்டவில்லை, மெஷினுக்காக மாட்டியது. இதை முதலாளி வாரம் ஒருமுறையாவது எங்களுக்கு நினைவுபடுத்துவார். ஆனால் உள்ளே வந்ததும், “என்ன இம்புட்டுக் குளுரு, இதென்ன காஷ்மீரா?” என்று அவரே அதை அணைத்துவிட்டும் போவார். சித்திரை வெயிலில் திண்டுக்கல் மொட்டைமாடி எப்படிக் காயும் என்று இந்த ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அக்காவின் மெஷின் ஒரு சத்தமும் போடாமல் தானாக அணைந்துவிடும்.

“வைரஸா?” என்று ஓடி வருவார் முதலாளி.

“இல்லண்ணே, வெயிலு,” என்பாள் அக்கா.

அவருக்கு நம்பிக்கை வராது. வைரஸ் என்று சொன்னால்தான் அவருக்கு ஆறுதல். அக்கா பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே பஞ்சுபோல அடைந்திருக்கும் தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவாள். காற்றாடி மறுபடி சுற்றும். ஆறட்டும் என்று விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். கீழே கடையில் தம் உடைக்கிற நேரமாக இருந்தால் அந்த வாசனை எழும்பி வரும். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குப் பசி வருவதில்லை. பக்கத்தில் அவள் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

சில சமயம் வெயிலும் காரணமாக இருக்காது. அப்போது அக்கா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “கடைசியா என்னத்த உள்ள விட்டீக?” முதலாளி முழிப்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் தாமரைக்குள்ளிருந்து எழும்புவது, தலைக்கு மேல் ரோஜா இதழ் கொட்டுவது போன்ற சமாச்சாரங்களில் அவருக்குத் தீராத ஆசை. எங்கிருந்தோ ஓசியில் பென்டிரைவில் வாங்கி வந்து இரகசியமாக ஏற்றியிருப்பார். அக்கா அதைத் தேடி எடுத்து வெளியே போட்டதும் மெஷின் பழையபடி எழுந்து உட்காரும். “நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாத்தாப் போதும்,” என்பாள். குற்றம் சாட்டுகிற குரலே இருக்காது. அதனாலேயே முதலாளிக்கு அவளிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்ததில்லை.

ஒருநாள் வீட்டில் என்னைப் பெண் பார்க்க வருகிற பேச்சில் பெரிய சண்டை. முகம் வீங்கிப்போய் வந்து உட்கார்ந்து, ஆல்பத்தில் பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் மவுஸை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தாள்.

“கடைசியா என்ன நடந்துச்சு?” என்றாள்.

நான் கொட்டிவிட்டேன். அவள் ஒரு யோசனையும் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். அன்று எனக்கு அது போதுமாக இருந்தது. அப்படிக் கேட்க இப்போது ஆளில்லை.

அவளுடைய பெரிய சட்டம் ஒன்று உண்டு. தொலைந்ததன் மேல் எதையும் ஏற்றக் கூடாது. ஒருமுறை முதலாளி யாருடைய காதுகுத்து வீடியோவையோ தவறுதலாக அழித்துவிட்டார். பயத்தில் வேறொன்றை அங்கே காப்பி போடப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அழிச்சா வீடு இடிஞ்சிறாதுண்ணே. வாசல்ல மாட்டியிருக்க பேர்ப்பலகையக் கழட்டுவாக, அம்புட்டுத்தான். ஆளு உள்ளதான் இருக்கும். நீங்க அந்த வீட்டுல வேற ஆளக் குடி வைக்கிற வரைக்கும் இருக்கும். வச்சுட்டீகன்னா அப்புறம் யாராலயும் ஆகாது.”

காதுகுத்து முழுசாகக் கிடைத்தது, குழந்தை வீறிட்டதுகூட. முதலாளி மறுநாள் எங்களுக்குக் கீழிருந்து பிரியாணி வரவழைத்தார்.

ஆனால் எல்லாம் அப்படிக் கிடைக்குமா என்ன? சேவுகம்பட்டிக் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

ஆவணி முகூர்த்தம் என்றால் ஸ்டுடியோக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு மண்டபத்தில் எடுத்து முடித்ததும் அங்கேயே டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டைத் துடைத்து அடுத்த மண்டபத்துக்கு ஓடுவார்கள். அக்கா எப்போதும் இரண்டு டிஸ்க்கில் போட்டு வைப்பாள். அந்த முறை இரண்டாவது டிஸ்க்கை முதலாளி, “இங்க ஒண்ணு இருக்குல்ல, அது போதும்” என்று சொல்லித் துடைத்து, வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்கு எடுத்துப் போய்விட்டார். அது நிறைய வேறொரு கல்யாணம் ஏறி உட்கார்ந்துவிட்டது. இங்கே மிஞ்சிய முதல் டிஸ்க்கோ, அக்கா எடிட் செய்துகொண்டிருந்தபோது கரன்ட் டிம் அடித்து, பேட்டரி செத்த யூபிஎஸ் கைவிட்டு, பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டபோது டிஸ்க் உள்ளே ‘டிக், டிக்’ என்று நகத்தால் சுரண்டுகிற மாதிரி சத்தம் போட்டது.

அந்த வாரம்தான் அந்தக் கல்யாணப் பெண் மாடியேறி வந்தாள். கல்யாணம் முடிந்து சில நாளிலேயே அவள் அப்பா இறந்துவிட்டார். பூ விவசாயி. கேமராவைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் போய்விடுகிற மனுஷராம். நான் ஆல்பத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு படத்தில் பாதி முகம், இன்னொன்றில் தோளும் துண்டும்.

“வீடியோல பேசியிருப்பாருல்லக்கா? எங்கயாச்சும் பேசியிருப்பாருல்ல?” என்று கேட்டாள் அந்தப் பெண். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மங்கவில்லை.

முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார், ஒன்றும் சொல்லாதே என்று. அக்கா அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: “டிஸ்க் கெட்டுருச்சும்மா. கிடைக்குமான்னு தெரியல. கிடைக்கும்னு சொல்லி உன்னய அனுப்ப மாட்டேன். பாக்குறேன்.”

அவள் போனதும் முதலாளி டிஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். ஒருவேளை இந்தத் தடவை வந்துவிடுமோ என்று ஆசை. நாமெல்லாம் அப்படித்தானே? அக்கா குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். “விடுங்கண்ணே! ஒவ்வொரு தடவையும் உள்ள கீறுது. தெரியலன்னா சும்மா விடணும்!” என்று அவர் கையிலிருந்தே வாங்கிவிட்டாள். அவர் அதிர்ந்துபோய்க் கீழே டீ குடிக்கப் போனார்.

அதன் பிறகு அவள் செய்தது பொறுமையான வேலை. கெட்ட டிஸ்க்கிலேயே தேடக் கூடாது; அதிலிருப்பதை அப்படியே புது டிஸ்க்குக்கு இறக்க வேண்டும், வராத இடத்தைத் தாண்டிவிட்டு வருகிற இடத்தை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு அந்த நகலில்தான் தேட வேண்டும் என்றாள். இரண்டு மூன்று நாள் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஏசி ஸ்விட்ச்சின் மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டாள். முதலாளி வந்து, டேப்பைப் பார்த்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.

தாலி கட்டியது வரவில்லை. மாலை மாற்றியது பச்சைச் சதுரங்களாக நொறுங்கி வந்தது. வந்ததெல்லாம் நாங்கள் ‘வேஸ்ட்’ என்று சொல்கிற துண்டுகள். கேமரா ஆடியது, யாரோ குறுக்கே போனது, கேமராக்காரர் நிறுத்த மறந்தது. எடிட்டிங்கில் முதலில் வெட்டுவதே இவற்றைத்தான். அவற்றில் ஒன்றில் பந்தி நடக்கும் கூடம். துண்டு போட்ட ஒரு மனிதர் நேராகக் கேமராவை நோக்கி வருகிறார்.

“ஏப்பு, நீங்க சாப்டீகளா இல்லையா? காலையிலருந்து அதத் தோள்லயே வச்சுக்கிட்டு அலையிறீக. எறக்கி வைங்கய்யா. மொதல்ல சாப்பாடு, அப்புறம் படம். வாங்க, வாங்க…”

ஒரு கை லென்ஸை மூடுகிறது. இருட்டு. அவ்வளவுதான்.

அக்கா அந்தப் பெண்ணை வரவழைத்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். அவள் அழவில்லை. முதலில் சிரித்துவிட்டாள். “எங்கப்பா இப்படித்தாங்க்கா. வீட்டுக்கு மீட்டர் பாக்க வர்றவரக்கூடச் சாப்பிடாம விடமாட்டாரு.” பிறகு, “இன்னொருக்கா போடுங்க,” என்றாள். அக்கா போட்டாள். மறுபடியும் கேட்டாள். போட்டாள்.

“இவ்வளவுதானாக்கா?”

“அம்புட்டுத்தான்மா.”

“போதும்க்கா,” என்றாள் அந்தப் பெண். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அன்றிலிருந்து அக்கா எந்தக் கல்யாணத்திலும் வேஸ்ட்டைத் தூக்கிப் போடவில்லை. தனி ஃபோல்டரில் வைத்தாள். இடம் நிறைந்துவிடுகிறது என்று முதலாளி புலம்பினார். எனக்கும் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது.

அது எங்கே போய் முடியும் என்று அவள் வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். பெருநாளுக்கு அழைத்திருந்தாள். பேகம்பூர்ச் சந்தில் ஒடுக்கமான வீடு. வாசலைத் தாண்டினால் நீளமாக ஒரு நடை. அந்த நடையில் சுவரோரமாகத் தரையில் எண்ணெய்க் கறை. அவள் கணவர் ஸ்கூட்டர் நிறுத்திய இடம். ஸ்கூட்டரை எப்போதோ விற்றாகிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் ஒரு செருப்பைக்கூட யாரும் விடுவதில்லை. பிள்ளைகள் உட்பட எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனுடைய பைக் வெளியே சந்தில் நனைந்துகொண்டு நின்றது.

“உள்ள இடம் இருக்குல்ல? என் வண்டி மழையில துருப்பிடிக்குது,” என்றார் அண்ணன் என்னிடம், சிரித்தபடிதான். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எனக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைப்பதில் மும்முரமாக இருந்தாள். திரும்பும்போது நானும் அந்தக் கறையைச் சுற்றிக்கொண்டே போனேன்.

அவள் கைப்பையில் எப்போதும் ஒரு செல்போன் அணைந்தே கிடக்கும். அது கணவருடையது. எழுதி வைக்கச் சோம்பல்படுகிற மனிதர். வாங்க வேண்டியதையெல்லாம் போனிடம் பேசிப் பதிந்துகொள்வாராம். ‘சின்ன வெங்காயம், மாமிக்கு மாத்திரை, வண்டிக்குக் காத்து.’ அவர் மவுத்தான பிறகு அக்கா அதைத் தினமும் போட்டுக் கேட்டிருக்கிறாள். ஒருநாள் சார்ஜில் கிடந்தபோது அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளப் போய், பாதியில் நின்றுவிட்டது. போட்டால் கம்பெனி சின்னம் வரும், போகும், மறுபடி வரும். அதற்கு மேல் போகாது. காட்டிய இடத்திலெல்லாம் ஒரே பதில்: ரீசெட் செய்தால் போன் பிழைக்கும், உள்ளே இருப்பது போய்விடும்.

“ஊருக்கெல்லாம் ரெண்டு காப்பி போட்டு வச்சவ, இதுக்கு ஒண்ணுகூடப் போடல பாத்தியா,” என்று ஒருநாள் சிரித்தாள்.

“ஏன்க்கா போடல?”

“போடணும் போடணும்னுதான் இருந்தேன். போட்டா, அவுக போனது நெசமாயிரும்போல இருந்துச்சு.” பையைத் தொட்டபடி, “உள்ளதான இருக்கு? தொறக்க முடியலங்கறதுக்காக இல்லன்னு ஆயிருமா?” என்றாள்.

எனக்கோ, இருக்கிறது என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம்.

அக்காவின் அண்ணன் ஒரு மதியம் அவளுக்கு ஒரு வரன் சொல்ல ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். வாணியம்பாடிப் பக்கம் தோல் வியாபாரம் செய்கிற ஒருவர்; மனைவி இல்லை; சின்னப் பெண்குழந்தை ஒன்று. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். “எத்தன நாளைக்கு இப்படியே இருப்ப? நான் கெட்டதா சொல்றேன்?” என்றார். அவர் கெட்டதாகச் சொல்லவில்லை. தங்கைமேல் பாசமுள்ளவர்தான். “யோசிச்சு ஒரு வார்த்த சொல்லு. அவுக கேட்டுக்கிட்டே இருக்காக. அந்தப் பிள்ளை தாயில்லாம கெடக்கு. சொல்லு.”

அக்கா கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். “அண்ணே, செத்த நேரம் சும்மா இருங்க,” என்றேன் நான். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் குடிக்கவில்லை. திரையில் யாருடைய கல்யாணமோ ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்துச் சம்மதித்தாள். நிக்காஹ் சுருக்கமாக நடந்தது. வீடியோ வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் முதலாளிக்கு அதில் மனக்குறை. தாமரையெல்லாம் தயாராக வைத்திருந்தார்.

ஸ்டுடியோவுக்கு அவள் கடைசியாக வந்த நாளன்று ஃபோல்டர்களை ஒழுங்கு செய்துவிட்டு, கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய அந்தப் போனை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

“ரீசெட் பண்ணி நீ வச்சுக்க. கேமரா நல்லாருக்கும்,” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அணைந்துகொண்டிருந்த மானிட்டரைப் பார்த்தே சொன்னாள்.

“அக்கா…”

“அங்க எடுத்துட்டுப் போறது சரியில்ல பிள்ளை. அது இப்பக் கட்டிக்கிட்டவுகளுக்குச் செய்யிற மரியாதை இல்ல. என்னால அழிக்கவும் ஆகாது. நீ பண்ணிக்க.”

பர்தாவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனாள். அடுத்த மாதம் பேகம்பூர் வழியாகப் போனபோது அண்ணனின் பைக் நடைக்குள் நிற்பதைப் பார்த்தேன், அந்தக் கறையின் மேலேயே. யாரைக் குறை சொல்வது? மழைக்காலம்தான் அது.

எனக்கும் கல்யாணமாகி இப்போது திண்டுக்கல்லிலேயே இருக்கிறேன். ஸ்டுடியோவில் அக்காவின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்கிறார். நல்ல வேலைக்காரர். ஹேங் ஆனால் டமடமவென்று தட்டுவார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் வேண்டும்போல இருக்கும். ஒரு வேலைக்காகவும் இல்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து என் அவரைக்காயைக் கிண்டல் செய்துகொண்டிருந்தால் போதும்.

எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் ஒரு ஆட்டோ வரும். ‘பழைய செல்போன், ஒடஞ்ச செல்போன், ஓடாத செல்போன் எடுத்துக்கிறோம், பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கங்க’ என்று பதிவு செய்த குரல் அலறிக்கொண்டே போகும். “பீரோல ஒரு செத்த போன் கெடக்கே, கொடுத்தா ஒரு குடமாச்சும் வரும்ல?” என்பார் என் கணவர்.  ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரைக்கும் பீரோவை ஒட்டியே துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

போன பெருநாளன்று அக்கா கூப்பிட்டாள். வாணியம்பாடிக்குப் போன பிறகு அவள் கூப்பிட்டது அது ஒருமுறைதான். முதலாளி எப்படி இருக்கிறார், ஏசியை இன்னும் அணைக்கிறாரா, உன் தோட்டத்தில் வேறு செடி முளைத்ததா என்று எல்லாம் கேட்டாள். அதே குரல். பிறகு பேச்சு நின்றுவிட்டது. லைன் போய்விட்டதா என்று நான் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தவில்லை. 

“பிள்ளை, அந்தப் போன… ரீசெட் பண்ணிட்டியா?”

“இல்லக்கா. ஒண்ணும் பண்ணல.”

அவள் மூச்சு விடுவது கேட்டது. அந்தப் பக்கம் தூரத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல், “அம்மா! அம்மா, இங்க வாங்க!” என்றது.

“வாரேன்டா தங்கம், இந்தா வந்துட்டேன்,” என்றாள் அக்கா அந்தப் பக்கம் திரும்பி. பிறகு என்னிடம், குரலை ரொம்பத் தாழ்த்தி, “அப்படியே இருக்கட்டும் பிள்ளை,” என்றாள்.